அம்மா பார்க்காத யானைகள்

“ஆபிரிக்காவோ? கொம்மா அங்கை சிங்கத்துக்குச் சாப்பாடு தீத்தவோ போனவ?”

இத்தாலியின் பலெர்மோ நகரில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த அன்ரி இப்படிக் கேட்டதும் கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பத்து வயது. நான் சஃபாரி போய்வந்ததை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அன்ரி சொன்னது பாதி சரிதான். அம்மா சாப்பாடு தீத்தத்தான் போனார். சிங்கத்துக்கல்ல, லிபெர்த்தா வீதியில் அவர் பராமரித்து வந்த, சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் வயதான இத்தாலியப் பெண்மணிக்கு.

கண் மூடுவதற்குள் கென்யாவில் யானைகளைப் பார்த்துவிட வேண்டுமென்பது சின்யோராவின் ஆசை. அவருடைய மகன் பயணத்தை ஒழுங்கு செய்து கூடவே வந்தார். தூக்கி இருத்தவும் மருந்து கொடுக்கவும் அம்மா. அப்பா விடிய முதலே சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவதால், விட்டுப்போக ஆளில்லாத பொதியாக நான்.

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் ஒரே அண்ணன் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். வரமாட்டேன் என்றால் வேலை போய்விடும். கென்யாவிலும் அம்மா தொலைபேசியைக் கையில் பொத்திக்கொண்டே சஃபாரி ஜீப்பில் ஏறினார்.

காலை முழுவதும் வரிக்குதிரைகளும் மான்களும்தான். தொலைவில் ஒரு சிங்கம் தூங்கியது. எங்களை அது மதிக்கவேயில்லை. மதியம் ஒரு மரத்தடியில் நிறுத்திச் சாப்பிடும்போது அம்மாவின் தொலைபேசி அடித்தது.

“ஓம்… ஓம்… எப்ப?”

அவ்வளவுதான் கதைத்தார். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய், பெரிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, உடுப்போடு தலையில் ஊற்றிக்கொண்டார்.

குடிக்கிற தண்ணீரை இப்படியா பாழாக்குவது என்று சின்யோராவின் மகன் கத்தினார். அம்மாவுக்கு இத்தாலி மொழி தெரியும். இருந்தும் என்னைப் பார்த்து, “வெக்கை எண்டு சொல்லு பிள்ளை” என்றார். சொன்னேன். தாயைவிட மகள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றார் சின்யோரா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சற்று நேரத்தில் யானைகள் வந்தன. தாயின் கால்களுக்கிடையில் ஒரு குட்டியும் நடந்தது. சின்யோரா எழுந்து பார்க்க ஆசைப்பட்டார். அம்மா ஈரத் தலையோடு பின்னால் நின்று அவரைத் தாங்கிப் பிடித்தார். சின்யோரா சின்னப் பிள்ளைபோலக் கை தட்டினார்.

“அம்மா, யானை இஞ்சாலை! நீங்கள் எங்கை பாக்கிறியள்?”

“பாத்தனான் பிள்ளை.”

அவர் பார்க்கவில்லை.

பலெர்மோவுக்குத் திரும்பி, அப்பாவைக் கண்டதும் அம்மா வாய்விட்டு அழுதார். மாமா செத்துப்போன செய்தி எனக்கு அப்போதுதான் தெரியும். இழவுச் செய்தி கேட்டால் தலைமுழுக வேண்டும் என்பதையும் அப்பா அன்றுதான் சொன்னார். ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஆபிரிக்கா வரை பறந்த அம்மா செத்தவீட்டுக்கு ஏன் போகவில்லை? தமையனில் அவ்வளவாகப் பாசமில்லை என்று நானே முடிவு கட்டினேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இப்போது சட்டம் படிக்கிறேன். அம்மாவைப்போல் அகதியாக வந்தவருக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு சிங்கம் பார்க்கப் போகலாம், யானை பார்க்கப் போகலாம்; விட்டு ஓடிவந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. இது விளங்க எனக்குப் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது. அம்மா இதைத் தெரிந்துகொண்டேதான் அந்த ஜீப்பில் நின்றிருக்கிறார்.

என்னிடம் இத்தாலியக் கடவுச்சீட்டு இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் அந்தப் பத்திரம்தான். மாமாவின் திவசம் சித்திரையில் வருகிறது. போன கிழமை யாழ்ப்பாணம் போக டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும்.