சூசையம்மா வாசிக்க மறுத்த கடிதம்

தெல்தோட்டைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சூசையம்மாவை நம்பாதவர்களில் முதல் ஆள் நான்தான். இருளப்பன் தன் நிழலையும் நம்பமாட்டான் என்று, நாங்கள் குடியிருக்கும் லயத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும். பகலெல்லாம் கொழுந்தெடுத்துவிட்டு, மாலையில் எங்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி வீட்டைக் கூட்டப் போகிறவளை வேறு எப்படிப் பார்ப்பது? புருஷன் செத்த பிறகு ஜெபப் புத்தகத்தில் விரல் வைத்தே எழுத்துப் படித்தவள் என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை.

1932இல் கண்டியிலிருந்து சுந்தரலிங்கம் மாஸ்டர் ஞாயிறு பகலில் வந்து, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஐப்பசியில் ஒருநாள் சூசையம்மாவைக் காட்டினார்.

"இனி இவ நடத்தட்டும். எப்பவும் வெளியாளையே பாத்துக்கொண்டிருந்தால், உங்கட நியாயத்தை நீங்கள் எப்ப கேக்கிறது?"

எனக்குப் பிடிக்கவில்லை. இனி வகுப்பில் பேசுவதெல்லாம் கங்காணி காதுக்குப் போகும்.

அவள் முதல் வேலையாக, இந்தியாவில் உள்ள ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்களை வாசித்துப் பழகக் கொண்டுவரச் சொன்னாள். பார்த்தாயா, வீட்டு ரகசியம் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் கடிதத்தில் ரகசியம் ஏதுமில்லை. தபாலெல்லாம் கங்காணி வீட்டுக்குத்தான் வரும். அவரே உடைத்து வாசித்துச் சொல்வார். மாசியில் வந்த அந்தக் கடிதத்தை, 'எல்லாரும் சௌக்கியம், நீ அங்கேயே இரு' என்று வாசித்திருந்தார். தைரியமாக நீட்டினேன்.

பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"இத நான் வாசிக்க மாட்டேன், அண்ணே."

"கங்காணிக்குப் பயமா?"

"நான் வாசிச்சா நம்புவீங்களா? ஒங்க கண்ணால வாசிங்க. பக்கத்துல இருக்கேன்."

எழுத்துக் கூட்டினேன். 'அப்பா' வந்தது. 'படுக்கை' வந்தது. 'உடனே புறப்பட்டு வா' என்று வந்தபோது முதலிலிருந்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். தேயிலை மலையில் வேலைக்கு ஆள் குறையக் கூடாதென்று கங்காணி பொய் வாசித்திருக்கிறார். வாசிக்கும்போது அவர் கண் காகிதத்தில் இருப்பதில்லை என்பதை, வீடு கூட்டும்போதே சூசையம்மா கவனித்திருக்கிறாள். அதனால்தான் பழைய கடிதங்களைக் கேட்டிருக்கிறாள். அவரை வெட்டிப்போடலாம் போலிருந்தது. அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

விஷயம் தெரிந்ததும் கங்காணி அவளை வீட்டு வேலைக்கு வரவேண்டாமென்றார். அவள் வகுப்பை விடவில்லை.

நான் ஊருக்கு என் கையாலேயே எழுதினேன், பிழையோடுதான். பதிலை மாஸ்டரின் கண்டி விலாசத்துக்குப் போடச் சொன்னேன். மாஸ்டர் கொண்டுவந்து கொடுத்த பதிலைச் சூசையம்மா உடைக்காமல் என்னிடம் நீட்டினாள். நானே உடைத்து, நானே வாசித்தேன். அந்த மாசிக் கடிதத்துக்குப் பிறகும், அப்பா சித்திரை வரைக்கும் உயிரோடு இருந்தாராம், வாசலையே பார்த்துக்கொண்டு.