பல்தொமேரோவின் முறையில் கேட்ட சங்கு

குஸ்தோடியா மதினி ஆட்களை எண்ணும் விதமே தனி. விரலை நீட்டி எண்ண மாட்டாள். ஒவ்வொருவர் தோளிலும் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஒன்று, இரண்டு என்று சொல்லிக்கொண்டே வருவாள். எட்டாவது ஆள் முடிந்ததும் கை உடனே கீழே இறங்காது. இன்னொரு தோள் வர வேண்டியிருப்பதுபோல ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும். நடக்க வந்தவர்கள் அதைக் கவனித்ததில்லை. நான் ஒவ்வொரு முறையும் கவனித்தேன், ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் வேலை பெட்டி தூக்குவது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எங்கள் மலையில் ஊர் ஊராக ஆறு நாள் நடப்பார்கள். அவர்கள் பெட்டிகள் என் வேனில் ஏறி அடுத்த ஊர் விடுதிக்கு முன்னால் போய்விடும். நடக்க வந்தவர்களுக்கு எதற்கு இவ்வளவு கனத்த பெட்டி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவர் இஸ்திரிப் பெட்டி வைத்திருந்தார். மலையில் எந்த ஆட்டுக்கு மடிப்பு கலையாத சட்டை காட்டப் போகிறாரோ!

அவர்களை நடத்திக் கூட்டிப்போவது மதினி. அறுபத்தொரு வயது, குள்ளம், இடுப்பு அகலம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த நடைக்குச்சிகளைத் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். பையில் எப்போதும் காய்ந்த அத்திப்பழம் இருக்கும். முட்டி வலிக்கிறது என்பவருக்கு முதலில் திட்டு விழும், பிறகு அத்திப்பழம் கிடைக்கும். அவளுக்குத் தெரிந்த நாற்பது ஆங்கில வார்த்தையில் பாதி திட்டத்தான். இன்னும் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், "பத்து நிமிஷம்" என்பாள். அது இரண்டு மணி நேரமாகவும் இருக்கும். ஆனாலும் அவளைக் குறை சொல்லி ஒருவரும் கடிதம் எழுதியதில்லை.

என்னைப் பார்த்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன கொழுந்தனாரே, எட்டுப் பெட்டியும் வந்துச்சா, இல்ல வழியில ரெண்டை வித்துட்டியா?"

"வித்தா உங்களுக்குப் பங்கு தராமலா இருப்பேன் மதினி?"

"கள்ளன் வீட்டுப் பங்கு எனக்கு எதுக்கு? சாமான எறக்கு."

கள்ளன் வீடு என்பது எங்கள் குடும்பத்துக்கு நோத்தாலெஸ் ஊர் வைத்த பெயர். என் அப்பா ஒரு கோடையில், அடுத்தவன் முறையில் வாய்க்கால் கரையில் நின்றார். ஓடிப்போன கோழியைத் தேடி ஏறியதாகச் சொன்னார். யார் நம்புவார்கள்? எங்கள் ஊரில் தண்ணீருக்கு முறை உண்டு. உன் நேரத்தில் உன் மடை திறக்கும். அடுத்தவன் நேரத்தில் நீ கரையில் கால் வைத்தால் நீ தண்ணீர்த் திருடன். உன் நேரத்தில் உன் மடையை விட்டு நீ நகர்ந்தால் நீ முட்டாள், தண்ணீர் கைமாறிவிடும். அப்பா செத்து முப்பது வருடமாகிறது. பெயர் மட்டும் சாகவில்லை.

அந்த முறையைப் பார்த்துத் தண்ணீர் விட்டவர் நிக்காசியோ. மதினியின் புருஷன், எனக்குப் பெரியப்பா மகன். மேல் வாய்க்காலில் தண்ணீர் பிரிகிற கல்லின்மேல் நின்று, முறை மாறும்போது சங்கு ஊதுவார். முனையை வெட்டி வாய் வைத்த பெரிய கடல் சங்கு. ஒரே ஒரு ஊது, நீளமாக. கீழே பதினோரு வீடும் கேட்டு, யார் முறை முடிந்தது, யார் முறை தொடங்கியது என்று தெரிந்துகொள்ளும்.

எட்டு வருடத்துக்கு முன்னால், அக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை பல்தொமேரோ கிழவரின் முறை. மதினி தங்கச்சியின் பிரசவத்துக்காகக் கடற்கரைப் பக்கம் போயிருந்தாள். மூடுபனி இறங்கி எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. இரண்டு மணி சுமாருக்குச் சங்கு கேட்டது. முறை மாறும் நேரமில்லை. பிரிகல் இருக்கிற திசையுமில்லை, அதற்கு நேர் எதிர்ப்பக்கம். நிறுத்தி நிறுத்தி ஊதியது. நான் அவரைக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து நின்று கேட்டேன். போய்ப் பார்க்கலாம் என்று மண்வெட்டியை எடுத்தேன், வேலிப் படல்வரை போனேன். பல்தொமேரோவின் முறையில் கள்ளன் வீட்டுப் பிள்ளை கரையில் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று தோன்றியது. திரும்பிவிட்டேன். சங்கு சாயங்காலம்வரை கேட்டது. போகப் போக ஊது சிறிதாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது.

பதினோரு வீடும் கேட்டன. ஒவ்வொருவரும் என்னைப்போலவே நினைத்திருக்கிறார்கள். பல்தொமேரோவோ, தன்னை மடையிலிருந்து கிளப்பிவிட்டுத் தண்ணீர் திருப்ப யாரோ தந்திரம் செய்வதாக நினைத்து, மடையை இன்னும் கெட்டியாகக் காவல் காத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் நாய்களோடு போலீஸ் வந்தது. சொந்தக்காரன் என்று என்னைத்தான் முதலில் கேட்டார்கள். சத்தம் ஏதும் கேட்டதா? மதினி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டது, போகவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"ஒண்ணும் கேக்கல."

எனக்குப் பின்னால் பத்து வீடும் அதையே சொன்னது. எதிர்ப்பக்கம் தேட யாருக்கும் காரணம் இல்லாமல் போனது. பிரிகல்லைச் சுற்றியும் குளத்திலும் நான்கு நாள் தேடிவிட்டுப் போனார்கள். நிக்காசியோவும் கிடைக்கவில்லை, சங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு முறை மாற்றம் கைப்பேசியில் வந்தது.

அடுத்த வசந்தத்தில், நகரத்து நடைப்பயணக் கம்பெனி ஒன்று வழி தெரிந்த ஆள் தேடியது. மதினி போய் நின்றாள். ஒரே நிபந்தனை, நான்காம் நாள் மேல் வாய்க்கால் கரை வழியாகத்தான் போக வேண்டும். கம்பெனிக்கு என்ன, காட்சி அழகாக இருந்தால் சரி. திங்கட்கிழமை புறப்படுவார்கள், நான்காம் நாள் வியாழக்கிழமை. பல்தொமேரோவின் முறை நடக்கும் நேரத்தில்தான் அவள் ஒவ்வொரு கூட்டத்தையும் அந்தக் கரையில் நடத்தினாள்.

எதற்காக என்று இரண்டாம் வருடம்தான் எனக்குத் தெரிந்தது. டச்சுக்காரப் பல் டாக்டர் ஒருவர் சாப்பாட்டின் நடுவில் கேட்டார், "மேல யாரு கொம்பு ஊதுறாங்க? ஆடு மேய்க்கிறவரா?" மதினி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் உச்சியைக் காட்டினார். அந்த இலையுதிர்காலத்தில் ஒரு ஸ்காட்லாந்துப் பெண் கேட்டாள். அவள் காட்டியது எங்கள் ஊர் இருக்கும் பக்கம். பிறகு வருடத்துக்கு ஒருவர், இருவர். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், எங்கள் கதை எதுவும் தெரியாதவர்கள். ஆளுக்கொரு திசை காட்டுவார்கள். மூடுபனியில் எங்கள் மலை சத்தத்தைத் தூக்கி எங்கெங்கோ போடும். இங்கேயே பிறந்த காதுக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும். மதினி கடற்கரையில் பிறந்தவள். அதோடு, அவள் காதில் அது ஒருநாளும் விழவில்லை.

"ஊரு பேரு தெரியாதவனுக்கெல்லாம் கேக்குது, எனக்குக் கேக்கலியே," என்று ஒருமுறை வேனில் வரும்போது அழுதாள். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாதை வாய்க்காலைத் தொடும் வளைவு வந்ததும் கண்ணாடியை ஏற்றி ரேடியோவைச் சத்தமாக வைப்பது அப்போதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏன் என்று அவள் கேட்டதில்லை.

போன அக்டோபர், நான்காம் நாள். வண்டிப்பாதை வாய்க்காலைத் தொடும் இடத்தில் வேனை நிறுத்தி, ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும் எடுத்து வைத்தேன். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே மூடுபனி. முதலில் குரல்கள் வந்தன, பிறகு ஆட்கள் வந்தார்கள். மதினி தோள் தொட்டு எண்ணினாள். எட்டு. கை அந்தரத்தில் நின்றது.

எட்டாவது ஆள் பிர்கிட் என்ற டென்மார்க் டீச்சர், ஓய்வு பெற்றவர். காது கேளாது. பனி ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்று காதுக் கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தார். அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரோ ஊதுறாங்க," என்றார். "பல்லுல அதிருது. உங்களுக்குத் தெரியலியா?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் வாய்க்கால் கல்லில் உள்ளங்கையை வைத்து, "இதுலயும் இருக்கு," என்றார்.

மதினி சிரிக்கவில்லை. டீச்சரைப் பார்க்கவுமில்லை. என்னைப் பார்த்தாள்.

"மெலித்தோன், ரேடியோவ அமத்து."

அமர்த்தினேன். வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது.

"அன்னைக்கு எந்தப் பக்கம் கேட்டுச்சு?"

கேட்டதா என்று அவள் கேட்கவில்லை. எட்டு வருடமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மதினி..."

"அழுவாத. அழுகையெல்லாம் அப்பறம் வச்சுக்கலாம். எந்தப் பக்கம்?"

"இருட்டுப் பள்ளம். பழைய கிளை வாய்க்கா இருந்த எடம். ரெண்டு மணிலேர்ந்து ஊதுனாரு. நான் படல் வரைக்கும் வந்தேன் மதினி. வந்துட்டுத் திரும்பிட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்த அத்திப்பழத்தை என் கையில் திணித்தாள்.

"எட்டுப் பேரு. நான் வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இரு. ஒண்ணு கொறஞ்சாலும் உன் தோலை உரிச்சுருவேன்."

பள்ளத்துப் பக்கம் மூடுபனிக்குள் இறங்கிவிட்டாள். கல் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

நான் எண்ணினேன். எனக்குத் தெரிந்த எண்ணும் விதம் அவளுடையதுதான், தோளில் கை வைத்தேன். எட்டு முடிந்ததும் என் கையும் தானாக நின்றது. உள்ளங்கையில் ஈரக் கம்பளி பட்டதுபோல இருந்தது. பனிதான் என்று சொல்லிக்கொண்டு கையைச் சட்டையில் துடைத்தேன். மறுபடி எண்ணவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சங்கு கேட்டது.

இந்தமுறை எட்டுப் பேரும் எழுந்து நின்றார்கள். நிறுத்தி நிறுத்தி, பள்ளத்திலிருந்து, அன்று கேட்ட அதே ஊது. கண்டுபிடித்துவிட்டாள், ஊதி நம்மைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். டீச்சரிடம் வேன் சாவியைக் கொடுத்து, எல்லாரையும் உள்ளே உட்கார வைக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். ஓடத் திரும்பினால், கீழேயிருந்து கல்பாதையில் காலடிச் சத்தம். மூடுபனியிலிருந்து முதலில் வந்தது பல்தொமேரோ. எழுபத்தெட்டு வயது, தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை, கையில் மண்வெட்டி.

"எந்தப் பக்கம்டா?"

"இருட்டுப் பள்ளம். உங்க முறை நடக்குதே மாமா, மடை?"

"மடை கெடக்குது மயிரு! நடடா!"

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு வீடும் பாக்கியில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே முட்புதரில் இறங்கினோம். கிட்டப் போகப் போக ஊது சிறிதாகியது, பிறகு நின்றது.

பழைய கிளை வாய்க்காலின் இடிந்த சுவருக்கு அடியில் மதினி உட்கார்ந்திருந்தாள். தன் கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் எதையோ மூடியிருந்தாள். கோட்டுக்கு வெளியே ஒரு பூட்ஸ் தெரிந்தது. நிக்காசியோவின் பூட்ஸ்தான், குதிகாலில் நான் அடித்துக் கொடுத்த லாடம் இருந்தது. மடியில் சங்கு.

பல்தொமேரோ மண்டியிட்டார். "அன்னைக்கு என் முறைம்மா," என்றார். மதினி அவர் தோளில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு பக்கத்தில் நின்ற ஆள் தோளில், அதற்கு அடுத்த ஆள் தோளில். ஒவ்வொருவராக எண்ணினாள். பதினோரு வீட்டு ஆட்களும் தலை குனிந்து நின்றார்கள். கடைசியாக என்னிடம் வந்தாள்.

"நீங்க ஊதுனது ஊரு முழுக்கக் கேட்டுச்சு மதினி," என்றேன்.

அவள் சங்கை என்னிடம் நீட்டினாள். வாய் முழுக்க மண் அடைத்து, செங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஊதும் முனையிலிருந்து ஒரு புல்வேர் வெளியே வந்திருந்தது.

"இதுலயா?" என்றாள். "நீ எங்கியோ ஒரு சங்கு தேடிப்பிடிச்சு ஊதிக்கிட்டு வர்றேன்னுல்ல நெனச்சேன். எனக்கும் கேட்டுச்சு மெலித்தோன். மொத தடவையா எனக்கும் கேட்டுச்சு."

கதவுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, நிக்காசியோவை அதில் வைத்துத் தூக்கினோம். மேடேறி ஊருக்குள் வரும்போது கல்தெருவெல்லாம் தண்ணீராக ஓடியது. பல்தொமேரோவின் மடை அன்று ஆறு மணிவரை ஆளில்லாமல் திறந்து கிடந்தது. ஒருவரும் அதைத் திருடவில்லை.