பேனரில் ஏறிய கேலக்ஸி

குமாரபாளையத்தில் மோகனப்பிரியாவைப் பலரும் 'கேலக்ஸி டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். முதலில் அது கிண்டலாக விழுந்த பெயர்.

எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர். மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டார், முடியவில்லை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ பாடம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கணவர் தீனதயாளனுக்குத் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம். அவர்கள் குடும்பத்தில் முதுகலை வரை படித்த முதல் ஆள் மோகனப்பிரியா. அதில் அவரைவிட அவர் கணவருக்குத்தான் பெருமை அதிகம்.

கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த சமயம், இணையத்தில் ஒரு பயிற்சி வகுப்பு கண்ணில் பட்டது. ரேடியோ தொலைநோக்கியால் வானத்தைப் பகுதி பகுதியாக அலசி எடுத்த படங்கள் ஏராளமாகச் சேர்ந்துவிட்டன, பார்க்க ஆள் போதவில்லை, அறிவியல் படித்த யாரும் சேரலாம் என்றார்கள். வகுப்பை நடத்தியவர் காளிதாஸ். மேச்சேரியில் பிறந்து புனேயில் வானியல் ஆய்வு செய்பவர்.

"ரேடியோ கேலக்ஸின்னா பாட்டுக் கீட்டு கேக்குமா?" என்றார் தீனதயாளன்.

"ஒண்ணும் கேக்காதுங்க. கேலக்ஸிக்கு நடுவுல ஒரு கருந்துளை இருக்கும். அதுக்கிட்டயிருந்து ரெண்டு பக்கமும் பீச்சியடிக்கறது பெரிய மேகமாட்ட பரவி நிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ அலையில மட்டுந்தான் தெரியும். பீச்சறது நின்னுட்டா மேகமும் மங்கிக்கிட்டே போயிரும். அப்படி மங்கினதைத்தான் தேடறோம்."

அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் காலையில் மோகனப்பிரியா படம் பார்க்க உட்கார்ந்தால், பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் ஒரு படத்தில் இரண்டு மங்கலான திட்டுகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று நேரெதிராக, ஒரே அளவில். எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. மோகனப்பிரியா உடனே படத்தைக் காளிதாஸுக்கு அனுப்பிவிட்டு, கணவரிடம் சொன்னார். 'இன்னும் உறுதியாகலைங்க' என்று சேர்த்தே சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தீனதயாளன் வைத்த பேனர் நின்றது. 'விண்வெளியில் புதிய கேலக்ஸி கண்டுபிடித்துக் குமாரபாளையத்துக்குப் பெருமை சேர்த்த எங்கள் மோகனப்பிரியா.' கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த முகம், பின்னால் நட்சத்திரங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து சால்வை போட்டார்கள்.

அந்த வாரமே காளிதாஸ் போனில் கூப்பிட்டார்.

"மேடம், அது கேலக்ஸி இல்லீங்க. பக்கத்துல ரொம்பப் பிரகாசமா ரேடியோ அலை விடற ஒரு மூலம் இருக்கு பாருங்க, அதோட சிதறல்தான் அப்படி விழுந்திருக்கு. வேற தொலைநோக்கி எடுத்த படத்துல அந்த எடம் காலியா இருக்கு. எல்லாருக்கும் நடக்கறதுதான், மனசுல வெச்சுக்காதீங்க."

ஊரில் பேனர் நிற்கும்போது எப்படி மனதில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது? பள்ளி வேனில் ஏறினால், "கேலக்ஸி எப்படியிருக்குதுங்க டீச்சர்?" என்று கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் சொன்னதும் தீனதயாளன் ஏணியைக் கடன் வாங்கிக்கொண்டு போய், பட்டப்பகலில், சந்தைக்கூட்டத்துக்கு நடுவே தானே ஏறிப் பேனரை அவிழ்த்தார். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவ உறுதியில்லைன்னுதான் சொன்னா. அவசரப்பட்டது நானுங்க" என்றார். அதைக் கேள்விப்பட்டபோதுதான் மோகனப்பிரியா அழுதார்.

ஆனால் அதற்குள் ஊரில் 'கேலக்ஸி டீச்சர்' என்ற கிண்டல் பெயர் விழுந்துவிட்டது. அவர் படம் பார்ப்பதை விட்டுவிட்டார். திருத்திய விடைத்தாள் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவதோடு சரி. 'ஏன் பார்க்கவில்லை' என்று தீனதயாளனும் கேட்கவில்லை. கேட்க அவருக்குக் கூச்சம்.

மழைக்காலத்தில் காளிதாஸ் மறுபடி அழைத்தார். புதிதாக ஒரு குழு சேர்ந்திருக்கிறது, சிதறலைப் பார்த்து எப்படி ஏமாந்தீர்கள் என்று அவர்களுக்கு நீங்களே விளக்க முடியுமா என்று கேட்டார்.

மோகனப்பிரியாவுக்குக் கோபம்தான் வந்தது. "நான் பட்ட அவமானத்தைப் பாடமா நடத்தச் சொல்றீங்களா?"

"ஆமாங்க. நான் பண்ணின தப்பையும் சொல்லப் போறேன். என்னுது அச்சிலயே வந்திருச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டார்.

அந்த வகுப்புக்காகப் பழைய படத்தைத் திறந்து, பிரகாசமான மூலத்தைச் சுற்றி அளந்து பார்த்தார். மற்ற திசைகளிலும் அதே மாதிரித் திட்டுகள் மெலிதாக இருந்தன. அன்றைக்கு ஆசையில் அவை கண்ணில் படவே இல்லை. இதைத்தான் புதுக் குழுவிடம் சொன்னார். சொல்லி முடித்தபின் மனதிலிருந்து ஏதோ இறங்கிப்போனது போல இருந்தது. மறுவாரம் மீண்டும் தேட உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஒரு ஜோடித் திட்டு கிடைத்தது. முன்னதைவிட மங்கல். பக்கத்தில் பிரகாசமாக எதுவும் இல்லை. வேறு இரண்டு தொலைநோக்கிப் படங்களிலும் அதே இடத்தில் லேசாகத் தெரிந்தது. நடுவில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த சாதாரணப் படத்தில், சிவந்த சின்ன கேலக்ஸி ஒன்று. எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே அனுப்பினார். யாரிடமும் மூச்சு விடவில்லை, கணவரிடம்கூட.

காளிதாஸ் குழு அதற்காகத் தொலைநோக்கியில் நேரம் கேட்டு வாங்கி, ஆழமாகப் படமெடுத்தது. அணைந்துபோன கேலக்ஸி என்றுதான் மோகனப்பிரியா எழுதியிருந்தார். புதுப் படத்தில் அது பாதி தப்பானது. பழைய மேகங்களுக்கு உள்ளே, மையத்துக்கு ஒட்டினாற்போல், சின்னதாய் இன்னொரு ஜோடி இருந்தது. கருந்துளை நின்றுவிட்டு மறுபடி பீய்ச்சத் தொடங்கியிருக்கிறது.

கட்டுரை அச்சில் வந்தபோது ஆசிரியர்களில் நான்காவதாக அவர் பெயர். அன்று சாயங்காலம்தான் கணவரிடம் போனைக் காட்டினார்.

"எப்பப் புடிச்சே இதை?"

"போன ஆடியில."

"ஒரு வருஷமா எங்கிட்டச் சொல்லாமயே இருந்தியா?" முகம் வாடிப்போனது. பிறகு தானே சொன்னார்: "சரி, எனக்கு நல்லா வேணும்."

மோகனப்பிரியாவுக்கு அது உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கி, எது பழைய மேகம் எது புதியது என்று முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக் கடைசிவரை கேட்டார்.

இந்த ஜூனில் மோகனப்பிரியா பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிவு செய்திருக்கிறார். வயது நாற்பத்தொன்று. சனிக்கிழமைகளில் சேலம் போய் வழிகாட்டியைப் பார்க்க வேண்டும். பள்ளியில் சனிக்கிழமை வகுப்பை விட்டுத்தர மாட்டோம் என்கிறார்கள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.