வலிக்கிறதா என்று ஜப்பானிய மொழியில் கேட்பது

வகுப்புக்குப் போகாமல் ஜப்பானிய மொழி எப்படிப் படித்தேன் என்று எங்கள் தெருப் பெண்கள் சில சமயம் வந்து கேட்பார்கள். முதலில் அந்த மொழியின் எழுத்தைப் படி, ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதே என்பேன். ஒரே ஒரு புத்தகம் வைத்துக்கொள், அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடாதே என்பேன். வாய்விட்டுப் படி, தமிழில் யோசித்துப் படி என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். நான் படித்த கதையை முழுதாகச் சொன்னால் அவர்களுக்குப் படிக்கிற ஆசையே போய்விடும்.

திருவொற்றியூரில் கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் வீடு. அறை ஒன்றுதான். அம்மா விடிவதற்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கல்மண்டபத்தில் உட்கார்ந்து விற்றுவிட்டு மதியம்தான் வருவாள். நான் ராயபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றும் வேலையில் இருந்தேன். மதியத்துக்கு மேல்தான் என் ஷிப்ட். காலை முழுக்க வீட்டில் நானும் நைனாவும் மட்டும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

நைனா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தவர். வாட்டசாட்டமான மனிதர். நுரையீரல் சுருங்கிவிட்டது, இனி விரியாது என்று டாக்டர் சொன்னபோது, நாற்காலியிலிருந்து எழுந்து கதவு வரை நடப்பதற்கே இரண்டு தடவை நிற்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தார். கரித்தூசியா, பீடியா, எங்கள் பக்கத்துக் காற்றா என்று அம்மா கேட்டாள். எல்லாமும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டில் பக்கத்தில் வைத்தோம். அது நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும்.

ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்கள், மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் எழுதினால் போதும் என்று கூட வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள். வகுப்புகள் எல்லாம் நகரத்தின் அந்தக் கோடியில் நடந்தன. நைனாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக வழியில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு பாடப்புத்தகம் வாங்கினேன். உச்சரிப்புக்கு போன் இருந்தது.

வீட்டில் சொன்னபோது நைனா கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த ஊரு கெய்வனுங்கள பாத்துக்க நீ பூட்டா, இங்க கீற கெய்வன யாரு பாப்பா?"

அம்மா மீன் கூடையைக் கழுவியபடியே, "நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

முதல் சில வாரங்கள் எழுத்திலேயே போயின. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, நைனாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். வாக்கியங்களுக்கு வந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. போனில் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் ஆங்கிலம் வழியாகச் சொன்னார்கள். அதனால் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டுத் தமிழை வைத்தேன். நாம் சொல்கிற வரிசைதான். வினைச்சொல் கடைசியில் வருகிறது. நம்முடைய 'ஐ', 'கு' மாதிரி அவர்களும் பெயருக்குப் பின்னால் ஓர் உருபை ஒட்டுகிறார்கள். 'வலிக்குதா' என்பதில் நாம் கடைசியில் ஒரு 'ஆ' போடுகிறோம், அவர்கள் ஒரு 'கா' போடுகிறார்கள். 'இத்தாய் தெஸ் கா?' வலிக்கிறதா? தமிழில் யோசித்துப் படி என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

பேசிப் பழக ஆள் வேண்டும். எனக்கு இருந்தது நைனா மட்டும்தான்.

பராமரிப்புப் பாடத்தில் ஒரு விதி உண்டு. முதியவரைத் தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். இடது பக்கம் திருப்புகிறேன், முதுகைத் துடைக்கிறேன், காலைத் தூக்குகிறேன் என்று. நர்சிங் ஹோமில் எங்களுக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை. நைனாவைத் திருப்பும்போது ஜப்பானிய மொழியில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா, பஸ் கண்டக்டரு மாரி ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிகினே கீற?" என்றார்.

ஆனால் சொல்லாமல் தொட்டால் கோபித்துக்கொள்வார். சுவரில் இருந்த எழுத்துகளில் சிலவற்றை அவராகவே அடையாளம் கண்டுகொண்டார். ஓர் எழுத்து தூண்டில் முள் மாதிரி இருக்கிறது என்பார்.

வலியைச் சொல்ல அவர்களிடம் நிறைய இரட்டைச் சொற்கள் இருக்கின்றன. விண்விண் என்று தெறிக்கும் வலிக்கு 'ஸுகிஸுகி'. சுருக்சுருக் என்று குத்தினால் 'சிக்குசிக்கு'. இழுப்பு வந்து மூச்சு வாங்கினால் 'ஸேஸே'. பட்டியலாகப் படித்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. நைனாவின் உடம்பில் வைத்துப் படித்தேன். காலையில் எழுந்ததும் எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேட்பேன். அவர் தமிழில் சொல்வார், நான் அதற்கான சொல்லைத் தேடுவேன். அப்படிப் படித்தவை இன்றுவரை மறக்கவில்லை. இந்த வழியை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். 'தைஜோபு.' பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். முதியவர் 'தைஜோபு' என்றால் நம்பிவிடாதே, முகத்தைப் பார், விரல் நகத்தைப் பார் என்று என் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை நைனாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை.

மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடித்தது. இரண்டு நாளில் உதடு நீலமாகிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தார்கள். விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வெளியே வந்தன. நான் அவர் காதருகே குனிந்து, எந்த மொழியில் கேட்கிறேன் என்ற நினைப்பே இல்லாமல், "இத்தாய் தெஸ் கா?" என்றேன். அவர் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் தள்ளிவிட்டு, "தைஜோபு" என்றார்.

நர்ஸ் அதட்டி மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டு, "இன்னாமா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"வலி இல்லியாம் சிஸ்டர்."

அவர் நகங்களைப் பார்த்தேன். கருநீலமாக இருந்தன. மறுநாள் காலை, அம்மா டீ வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், அவர் மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்து சில வாரங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. மெஷினைத் திருப்பிக் கொடுத்ததும் வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதியில் என்னால் படிக்க முடியவில்லை. சுவரில் இருந்த தாள்களைக் கிழிக்கவா என்று அம்மாவிடம் கேட்டேன். "அவரு பாத்துகினு இருந்ததுடி, உடு" என்றாள். தேர்வு நாள் நெருங்கிவிட்டது. கட்டிய பணம் திரும்ப வராது என்பதால்தான் போனேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன்.

அங்கே வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு பெண் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தாள். அவளும் சொந்தமாகப் படித்தவள். காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் ஓர் ஆண் குரல் இருமியது. என்னால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியவில்லை. அப்படியும் தேறிவிட்டேன், அவளும் தேறினாள். பராமரிப்புத் தேர்வும் முடிந்தது.

பிறகு ஏஜென்ட் மூலம், ஜப்பானில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தோடு எங்கள் இருவருக்கும் வீடியோவில் நேர்காணல். முதியவர் யாரையாவது பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டா என்று ஓர் அம்மையார் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். இறந்தகாலத்தில் சொன்னேன். அவர் தலை குனிந்து வணங்கினார். எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. என் மார்பு எக்ஸ்ரேயில் வலப்பக்க மேல்மூலையில் ஒரு நிழல் தெரிந்தது. காசநோயாக இருக்கலாம் என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும், முடிவு வர மாதங்கள் ஆகும் என்றார்கள். அம்மா அந்த எக்ஸ்ரே படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உனுக்குமா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவள் மீனுக்குப் போகவில்லை.

முடிவு வந்தது. நோய் இல்லை, எப்போதோ வந்து ஆறிய தழும்பு. ஆனால் அந்த முதியோர் இல்லம் அதற்குள் வேறொருத்தியை எடுத்துவிட்டது. மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றார் ஏஜென்ட். ஒவ்வொரு தடவையும் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்பார்கள், விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டு இடங்களில் கேட்டார்கள், விளக்கினேன். அதற்கப்புறம் பதில் வரவில்லை. இப்போதும் ராயபுரத்திலேயே வேலை பார்க்கிறேன். அடுத்த நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன்.

வியாசர்பாடிப் பெண் ஜப்பான் போய்விட்டாள். பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். வாரத்துக்கு ஒரு முறை குரல் செய்தி அனுப்புவாள். "புக்குல கீற மாரி இங்க ஒருத்தரும் பேசலக்கா. நம்ம ஊரு பேச்சு கணக்கா முழுங்கி முழுங்கிப் பேசறாங்க" என்று முதல் மாதம் அழுதாள். அவள் சொல்லும் சொற்களைத் தேடி அர்த்தம் எழுதி அனுப்புவேன். எனக்கும் அது பாடம்தான்.

போன வாரம் வந்த செய்தியில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னாள். சாயங்காலம் ஆனால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்கதவுக்கு எதிரில் உட்கார்ந்துவிடுகிறாராம். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்கிறாராம். வீட்டை விற்றுப் பல வருடம் ஆகிறதாம்.

"அர்த்தம் தெரியுதுக்கா. பதிலுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

என் புத்தகங்களில் தேடினேன். இல்லை. பக்கத்தில் உட்கார், கையைப் பிடித்துக்கொள், 'ஆமாம்ல' என்று மட்டும் சொல் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினாள்.

"'எனுக்கும் வூட்டுக்குப் போகணும்'னு சொன்னா தப்பாக்கா?"

நம்முடைய 'உம்'முக்கு அவர்களிடம் 'மோ' இருக்கிறது. இலக்கணப்படி வாக்கியம் சரிதான். அதை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, நைட்டியை மாற்றிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.