கப்பலில் நண்பன் இல்லாதவன்

எங்கள் கப்பலில் ஸென்ஹும் என்றொருவன் இருந்தான். லுக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு நைலில் போய்வருகிற கப்பல். நான் சலவை அறையில் இருந்தேன். ஸென்ஹும் இரண்டாம் தளத்து அறைகளைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிப்பவன். தராவ் பக்கத்துக் கிராமத்தான். ஒல்லி உடம்பு, கீச்சுக்குரல்.

துண்டுகளை மடித்து முதலை செய்வதில் அவனுக்கு நிகர் கிடையாது. விருந்தாளி கோயில் பார்த்துவிட்டுத் திரும்பினால் கட்டிலில் ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அந்த விருந்தாளியின் கறுப்புக் கண்ணாடியே அதன் மூக்கில் இருக்கும். பெண்கள் கூச்சல் போட்டுச் சிரிப்பார்கள், அவனை முதலை என்று கூப்பிட்டு நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். நாங்களும் அவனை முதலை என்றுதான் கூப்பிட்டோம். அவர்கள் கூப்பிட்டது வேறு, நாங்கள் கூப்பிட்டது வேறு.

அவனைக் கேலி செய்வதற்குத் தலைவன் ஷஸ்லி. காலை உணவு வேளையில் ஆம்லெட் போடுகிறவன். அஸ்வானுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நூபியக் கிராமத்துக்காரன், ஆஜானுபாகு. விருந்தாளி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவர் மொழியில் வெங்காயத்துக்கு என்ன பெயர் என்று தெரிந்து வைத்திருப்பான். அவன் சிரித்தால் கப்பலே சிரிக்கும். ஸென்ஹுமின் தேநீரில் உப்பைப் போடுவான். அவன் தொழப் போகும்போது பின்னாலேயே நின்று அதே கீச்சுக்குரலில் இருமுவான்.

ஒருமுறை ஆற்றில் எஸ்னா மதகு திறப்பதற்காகக் கப்பல் காத்து நின்றது. கீழே சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து அங்கிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பிடிக்கவில்லை என்றால் விருந்தாளிகள் திருப்பி வீசுவார்கள். ஷஸ்லி அப்படி ஒரு பையில் ஸென்ஹுமின் புது பூட்ஸைப் போட்டுக் கீழே எறிந்தான். படகுக்காரன் ஒருவன் அதை மாட்டிக்கொண்டு ஆடினான். மேலே எல்லோரும் கைதட்டினார்கள். ஸென்ஹுமும் சிரித்தான். அந்தப் பயணம் முடியும்வரை குளியலறைச் செருப்போடுதான் வேலை பார்த்தான்.

அந்தக் குளிர்காலத்தில், கூட்டம் நெரிகிற நேரத்தில், காலை உணவு மேசையிலேயே ஒரு அம்மாள் வாந்தி எடுத்தாள். மறுநாள் அவள் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் படுத்துவிட்டார்கள். மருத்துவர் வந்து, இது வயிற்றில் பரவுகிற கிருமி, கை மூலமாகத்தான் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பல் மேலாளர் உஸ்தாத் மக்ரம் எங்களை மேல்தளத்தில் கூட்டினார். கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது: இன்னும் பரவினால் கப்பலைக் கரையில் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"கேட்டுக்கங்க," என்றார். "கைப்பிடி எல்லாம் மணிக்கு ஒருதரம் குளோரின்ல தொடைக்கணும். சாப்பாட்ட விருந்தாளி தொடக்கூடாது, நீங்கதான் எடுத்துப் போடணும். கைகுலுக்கல் கிடையாது. துண்டு முதலை, துண்டு குரங்கு ஒண்ணும் கிடையாது. உங்கள்ல யாருக்காவது வயித்தால போச்சுன்னா உடனே எனக்குச் சொல்லணும். அவன் அடித்தட்டு ரூம்ல இருப்பான், டாக்டர் சொன்ன கெடு முடியிற வரைக்கும்."

"யாரு உஸ்தாத் தானா வந்து சொல்லுவான்?" என்று ஷஸ்லி கேட்டான். எல்லோரும் சிரித்தோம்.

மக்ரம் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் ஒரு ஆள் போடப் போறேன். உங்கள்ல யாருக்கும் சிநேகிதன் இல்லாத ஆள்." சுற்றிப் பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "ஸென்ஹும், இங்க வா."

பருத்திக் காட்டில் பூச்சிமருந்து அடிப்பார்களே, முதுகில் மாட்டும் டப்பா, அதில் குளோரின் நிரப்பி அவன் முதுகில் ஏற்றினார்கள். முழங்கைவரை மஞ்சள் ரப்பர் கையுறை. அன்று பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் போனபோது வாசலில் நின்றான்.

"கைய நீட்டு."

"போடா முதலை."

"கைய நீட்டுங்கறேன். இல்லன்னா உஸ்தாத்கிட்ட போவேன்."

கீச்சுக்குரல்தான். ஆனால் நீட்டினோம். கையில் அடித்தான், பூட்ஸில் அடித்தான், ரொட்டிமேலும் கொஞ்சம் அடித்தான். இரண்டொரு நாளில் அவன் நடையே மாறிவிட்டது. எங்கள் கழிப்பறைக்கு வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்பான். யார் எத்தனை தரம் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும். முதலில் என் உதவியாள் பிஷோயியைப் பிடித்துக் கொடுத்தான். பிஷோயி கெட்டுப்போன தயிர் சாப்பிட்டிருந்தான், அவ்வளவுதான். அழுதுகொண்டே அடித்தட்டுக்குப் போனான். அங்கே அறையின் வட்டச் சன்னல் நீர்மட்டத்தில் இருக்கும், திறக்காது. சுவருக்கு அந்தப்பக்கம் எஞ்சின்.

பிறகு ஷஸ்லி. அஸ்வானை நெருங்கிக்கொண்டிருந்த காலை. ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்தவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினான், திரும்பி வந்தான். ஸென்ஹும் எதிரில் நின்றான்.

"பச்சை மிளகாயடா," என்றான் ஷஸ்லி. "ராத்திரி அவரையோட தின்னேன். வழிய விடு."

"கீழ போகணும்."

"முதலை, வெளையாடாத. நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாண மருதாணி. ஊரே வருது. கப்பல் கரை சேந்ததும் நான் அக்கரைக்குப் போகணும்."

"கீழ போகணும்," என்று ஸென்ஹும் மறுபடியும் சொன்னான், விருந்தாளிகளுக்குக் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். "சிக். ஹீ சிக்."

முட்டைக்காக வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். முந்தின நாள் ஷஸ்லியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்ட ஒரு ஜெர்மன்காரி, அவன் போட்ட ஆம்லெட்டைத் தட்டோடு மேசையின் கோடிக்குத் தள்ளினாள். சாப்பாட்டுக்கூடத்தின் நடுவே ஷஸ்லி நடந்தான், பின்னாலேயே ஸென்ஹும் அவன் கால் பட்ட இடமெல்லாம் மருந்து அடித்துக்கொண்டு போனான். யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். கப்பல் சுத்தமாகிறது என்ற சந்தோஷம்.

மறுநாள் மாலை அஸ்வானில் கட்டியிருந்தோம். எதிர்க்கரையிலிருந்து தம்பட்டச் சத்தம் தண்ணீர்மேல் மிதந்து வந்தது. பெண்களின் குலவையும் கேட்டது. ஷஸ்லியின் மூத்த மகள் நஜாத்துக்கு மருதாணி. அடித்தட்டுக்கு நான் துணி எடுக்கப் போயிருந்தேன். கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு ஸென்ஹும் உட்கார்ந்திருந்தான்.

உள்ளேயிருந்து ஷஸ்லியின் குரல். "ஸென்ஹும். தம்பி. எனக்கு ஒண்ணுமில்லடா. நேத்துல இருந்து ஒருதரம்கூடப் போகல. ஒரு மணி நேரம் விடு. யாரையும் தொடமாட்டேன். தூர நின்னு பாத்துட்டு வந்துடறேன்."

ஸென்ஹும் கையுறையை முழங்கைவரை இழுத்து விட்டுக்கொண்டான்.

"உன் தலையில முத்தம் வைக்கிறேன்டா. கதவத் திற."

"என் பூட்ஸ் எங்க?" என்றான் ஸென்ஹும்.

ஸ்டூலைக் கதவுக்கு நெருக்கி இழுத்துப் போட்டான்.

"எஸ்னால போட்டியே, அது எங்க? போய் எடுத்துட்டு வா, தொறக்கறேன்."

ஷஸ்லி கதவை உதைத்தான். பிறகு உதைக்கவில்லை. தம்பட்டம் ஓயும்வரை அவன் நெற்றியைக் கதவில் முட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக, விட்டுவிட்டு.

கெடு முடிந்து ஷஸ்லியை வெளியே விட்டபோது கப்பல் வடக்கே கிளம்பிவிட்டது. கல்யாணம் முடிந்து மகள் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் மறுபடி அடுப்புக்குப் போனான். முட்டை உடைத்தான், ஆம்லெட் போட்டான், வெங்காயத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே ஸென்ஹும் விழுந்தான். காலையிலிருந்து முகம் வெளுத்துத்தான் இருந்தான். எல்லா நோயாளிகளின் படுக்கையையும் மாற்றியவன் அவன்தான். மறைக்கப் பார்த்தான். மேல்தளத்தில் விருந்தாளிகள் நீச்சல்குளத்தைச் சுற்றிப் படுத்திருந்த இடத்தில், டப்பா முதுகில் இருக்க, முழங்காலிட்டு வாந்தி எடுத்தான். கால்சட்டையும் நனைந்துவிட்டது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மக்ரம் வாயைத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். "கீழ எடுத்துட்டுப் போங்க. யாரு இவனப் பாத்துக்கறது?"

எல்லோரும் பின்னால் நகர்ந்தோம்.

"நான் பாத்துக்கறேன் உஸ்தாத்," என்றான் ஷஸ்லி.

மக்ரம் துணியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் இடையே நடந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. "சரி. டாக்டர் சொன்ன உப்புசர்க்கரைத் தண்ணியக் குடு. கொஞ்சம் கொஞ்சமா, விடாம."

டப்பாவை அவிழ்த்து, அந்தக் குளோரினையே அவன்மேல் அடித்துக்கொண்டு கீழே கொண்டுபோனோம். படிக்குப் படி நிறுத்தி அடித்தோம். கெடு முடிந்து வெளியே வந்திருந்த பிஷோயிதான் அதிகம் அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஸென்ஹும், "கையில மட்டும், கையில மட்டும்," என்று கீச்சிட்டான். அதே குரலில் நாங்களும் சொல்லிக் காட்டினோம்.

ஷஸ்லி ஸ்டூலில் உட்கார்ந்தான். குடம் நிறைய உப்புசர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அடித்தட்டுக் குழாய்களை மக்ரம் ஏற்கெனவே அடைக்கச் சொல்லியிருந்தார். சுத்தம் செய்த தண்ணீர் விருந்தாளிகளுக்கே போதவில்லை.

"தண்ணி," என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

ஷஸ்லி ஒரு டம்ளர் மொண்டு, கதவருகே கொண்டுபோய், தரையில் சத்தம் கேட்க ஊற்றுவான். கதவுக்கு அடியில் கொஞ்சம் ஓடும். உள்ளே அவன் தரையோடு படுத்து நக்குவது எங்களுக்குக் கேட்டது.

"வெளிய விடவா?" என்பான் ஷஸ்லி. "கெடு முடியலியேடா தம்பி."

வழியில் கோம் ஓம்போவில் ஒருநாள் கூடுதலாக நின்றோம். விருந்தாளிகள் அங்கி மாட்டிக்கொண்டு ஆடும் விருந்தும் நடந்தது. மக்ரம் ஒலிபெருக்கியில், நோயைப் பரப்பிய ஊழியரைக் கண்டுபிடித்துத் தனியாக வைத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார். அன்று விருந்தில் சத்தம் அதிகம். கீழே போகிற வழியில் நாங்கள் ஒவ்வொருவரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் போனோம். ஸென்ஹும் தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்து நின்றது. ஷஸ்லி அப்போதும் ஸ்டூலைவிட்டு எழவில்லை.

அடுத்து எத்புவில் நின்றபோது மக்ரம் தானே வந்து கதவைத் திறந்தார். ஸென்ஹும் சுவரோரம் சுருண்டிருந்தான். நாக்கு கறுத்து, கண் உள்ளே போய். விருந்தாளிகள் கோயிலுக்குக் கிளம்புகிற நேரம். அவர்கள் போய்த் தீரும்வரை காத்திருந்து, அழுக்கு விரிப்பில் மூட்டைபோலச் சுற்றிப் பின்பக்கமாக இறக்கி, குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

செத்துப்போவான் என்றுதான் நினைத்தோம். சாகவில்லை. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்குப் பலதரம் ரத்தத்தை மிஷினில் சுத்தம் செய்ய வேண்டும் என்று சேதி வந்தது. அந்தப் பயணிகள் இறங்கியதும் கப்பலில் நோயும் நின்றுவிட்டது.

கோடையில் வேலை இல்லாத சமயம் தராவுக்கு ஒரு காரியமாகப் போனவன், அவன் வீட்டையும் எட்டிப் பார்த்தேன். அக்கா வீட்டில் இருந்தான். முகம் ஊதி, தோல் மண்நிறமாகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணால் ஜாடை காட்டினான். எனக்குப் புரியவில்லை. அதற்குள் அக்கா ஓடி வந்தாள்.

"கப்பல்ல இருந்தா வந்தீங்க? நீங்கதான் ஷஸ்லியா?"

"இல்லக்கா, சலவைல இருக்கேன்."

"அந்த ஷஸ்லிய அல்லா நல்லா வெக்கணும். ராத்திரி பகல்னு பாக்காம இவன் பக்கத்துலயே உக்காந்து தண்ணி குடுத்தாராமே. சொந்த அண்ணன்கூடச் செய்யமாட்டான். கப்பல்ல எல்லாருக்கும் இவன்னா உசுரு, எனக்குத் தெரியாதா? லீவுல வரும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பான். 'என் பூட்ஸ ஒளிச்சு வெச்சாங்கக்கா, உப்புப் போட்டுட்டாங்கக்கா, என்னைச் சீண்டாம அவங்களுக்குப் பொழுது போகாதுக்கா'ன்னு."

அவள் தேநீர் போட உள்ளே போனாள்.

"எதுக்குடா இப்படிச் சொல்லி வெச்சிருக்க?" என்றேன். "போலீஸுக்குப் போயிருந்தா அவன் இந்நேரம் உள்ள இருப்பான்."

"போலீஸ் வந்துச்சு. அவன் தண்ணி குடுத்தான், நான்தான் வாந்தி பண்ணிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "உள்ள போனா போவான். அப்புறம் ஊரே கேக்கும். கப்பல் ஆளுங்க எல்லாரும் சேந்து ஒருத்தனச் சாக விட்டாங்களாம், ஒருத்தன்கூட அவனுக்கு இல்லையாம்னு. அக்கா அத எப்படித் தாங்குவா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ எதுவும் ஒளறிடாத."

நான் தேநீரைக் குடித்தேன், அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். கிளம்பும்போது அவள் ஒரு பை நிறையக் காய்ந்த பேரீச்சம்பழம் கொடுத்தாள். ஷஸ்லிக்கு என்றாள். கண்டிப்பாக அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னாள்.

அடுத்த குளிர்காலம் தொடங்கும் முன்பே ஸென்ஹும் இறந்தான் என்று கேள்விப்பட்டோம். கப்பலில் மறுபடி சேர்ந்த அன்று பையை ஷஸ்லியிடம் கொடுத்து, அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையை நன்றாகக் கழுவிவிட்டு வந்து பையைப் பிரித்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றான்.

"நல்ல பழம்," என்றான். "டேய், எல்லாரும் வாங்கடா."

வந்தோம். பின்தளத்தில் உட்கார்ந்து பை காலியாகும்வரை தின்றோம். கொட்டைகளை ஆற்றில் துப்பினோம், யாருடையது தூரம் போகிறது என்று பார்த்துக்கொண்டு.