கராஜில் வீங்கிய பேட்டரி

டெக்ஸாஸ் ஆலனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் மனைவியின் அண்ணன் இரண்டு வாரம் என்று சொல்லி வந்தார். வேலை போயிருந்தது. ஐந்தாவது மாதத்தில் அவர் தொண்டையைச் செருமும் சத்தமே எனக்கு ஆகாமல் போனது. வீட்டில் எது பழுதானாலும் முந்திக்கொள்வார். "மாப்ள, உங்களுக்கு சாஃப்ட்வேர்தான் தெரியும், விடுங்க" என்பார், என் ஐந்து வயது மகளின் எதிரிலேயே.

அவள் உட்கார்ந்து ஓட்டும் பொம்மை ஜீப்பின் சீட்டுக்கு அடியில், செங்கல் அளவில், பன்னிரண்டு வோல்ட் சீல்டு பேட்டரி ஒன்று உண்டு. அதற்கேற்ற சார்ஜர் மெதுவாக ஏற்றும், நிறைந்ததும் தானாக நின்றுவிடும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் கேட்டார்.

"ஜீப் சார்ஜர் எங்க மாப்ள? பாப்பா ஓட்டணும்ங்கறா."

"தெரியல மச்சான். தேடிப் பாருங்க."

அது என் மேஜை டிராயரில் இருந்தது. நான்தான் எடுத்து வைத்திருந்தேன். அவர் என் மகளிடம் நல்ல பெயர் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. வேறு காரணமில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு கராஜுக்குள் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம். கார் பேட்டரிக்கான பழைய சார்ஜரை ராத்திரியே ஜீப் பேட்டரியில் மாட்டியிருந்தார். அது தானாக நிற்காது; இத்தனை சின்ன பேட்டரிக்கு அதன் வேகமும் பல மடங்கு அதிகம். பேட்டரியின் பக்கங்கள் வீங்கித் தள்ளியிருந்தன. அளவு மீறி ஏற்றினால் அது தீப்பற்றும் ஹைட்ரஜனைக் கக்கும். நான்கடி தள்ளி கேஸ் வாட்டர் ஹீட்டரில் நீலச் சுடர் எரிந்துகொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் வந்தவர் கையை நீட்டினார்.

"கிளிப்ப கழட்டிடறேன், அவ்ளோதானே?"

"தொடாதீங்க! பொறி வரும். பாப்பாவ தூக்கிட்டு வெளிய போங்க!"

வெளிச்சுவரில் இருந்த பிரேக்கரை அணைத்து கராஜின் மின்சாரத்தை நிறுத்தினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, கராஜ் கதவை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையாலேயே தூக்கினேன். 911-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். அக்கம்பக்கம் பார்க்குமே என்ற வெட்கம்.

புல்தரையில் நின்று கத்தினேன். "வீட்டையே கொளுத்தப் பாத்தீங்களா?"

"ஒரு சார்ஜர எடத்துல வெக்கத் தெரியல. எங்கிட்ட கத்தறீங்க!"

"என் வீட்ல ஓசில உக்காந்துகிட்டு..."

"இஸ் இட் கோயிங் டு எக்ஸ்ப்ளோட்?" என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

கத்தல் கேட்டு வெளியே வந்திருந்த மனைவி, குழந்தையை அழைத்துக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று கார் சாவி தேட உள்ளே போய், ஜீப் சார்ஜரோடு திரும்பி வந்தாள்.

"இது எப்படி உங்க டிராயருக்கு வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோதானா மாப்ள நீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பேட்டரி ஆறுவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. திங்களன்று அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் கார் உதிரிபாகக் கடையில் கொடுத்தேன். அதே வாரம் அவர் அருகிலுள்ள ரிச்சர்ட்சன் ஊரில் ஒரு நண்பரின் அபார்ட்மெண்டுக்குப் போனார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என் மேல் தப்பு என்று தெரிந்த பிறகும் அவரைப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கவில்லை.

மனைவியும் மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. நானும் கேட்பதில்லை.