அகதேசத்து ஒழுங்கை

மழை விட்டதும் மெற்றில்டா வெளியே வந்து வீட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பாள். தோர்ண்டன் ஹீத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் அதுவும் ஒன்று. மேல்மாடியில் அவளுக்கு ஓர் அறை. நூறு வயதுச் சுவர், இவள் தடவித்தான் நிற்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் உள்ளங்கையை வைத்து அழுத்தி, ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வேலைக்கு பஸ் பிடிப்பாள். கீழே குடியிருக்கும் டொலறஸுக்கு இது பெரிய பகிடி.

"அக்கா, உது லண்டன் கல்லு. கரையாது."

"கரையாதெண்டு ஆர் உனக்கு எழுதித் தந்தது?"

கரைந்த சுவரைக் கண்டவள் அவள். சகாராப் பாலைவனத்தில், நைஜர் நாட்டில், அகடெஸ் என்றொரு நகரம். அதன் பழைய பகுதி முழுவதும் மண். வீடு மண், மதில் மண், மரக்கட்டைகளை முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும் மசூதிக் கோபுரமும் மண். 1991 தை மாதம், மன்னாரிலிருந்து லண்டனுக்கென்று புறப்பட்ட அவளையும் கணவன் ஞானரட்ணத்தையும் ஏஜென்ட் அங்கே ஒரு வீட்டில் இறக்கிவிட்டுக் காணாமற் போனான். பதினொரு மாதம்! பாலைவனத்தில் என்ன மழை என்று யாரும் கேட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆவணியில் பெய்த ஒரு மழைக்கே அறையின் தெருப்பக்கச் சுவர் பொத்தென்று விழுந்தது. வீட்டுக்காரி ஹாவா திட்டித் திட்டிக் களிமண்ணும் வைக்கோலும் குழைத்துத் தர, புருசனும் பெண்சாதியுமாகக் கையாலேயே அப்பி எழுப்பினார்கள். பிறகு வேறொரு ஏஜென்ட் வந்தான். அவனிடம் இருந்தது ஒரேயொரு பாஸ்போர்ட், அதுவும் பெண்ணுடையது. "நீ போ, நான் பிறகு வாறன்" என்றான் ஞானரட்ணம். அந்தப் பிறகு மூன்று வருடமாகியும் வரவில்லை.

வரைபடத்தில்தான் அது அகடெஸ். மெற்றில்டாவின் வாயில் அகதேசம். கொழும்பில் ஏஜென்ட் அந்த ஊரின் பெயரைச் சொன்னபோதே எல்லோர் காதிலும் அப்படித்தான் விழுந்ததாம். "அகதியளுக்கெண்டே ஒரு தேசம் இருக்காக்கும், அங்கை பேப்பர் குடுப்பாங்களாக்கும் எண்டு, நாங்கள் சிரிச்சுக்கொண்டெல்லோ பிளேன் ஏறினனாங்கள்!" என்று சொல்லி அவளே சிரிப்பாள். லண்டனில் இறங்கி விசாரணையிலும் வாய்ப்பழக்கத்தில், "அகதேசத்திலை பதினொரு மாசம் இருந்தனான்" என்றாள். மொழிபெயர்த்த தமிழர் நல்ல மனுஷன்தான், பாவம். "அகதி முகாமில் பதினொரு மாதம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அது அப்படியே கோப்பில் ஏறிவிட்டது. அவளுக்கு இருக்க அனுமதி கிடைத்தது. ஞானரட்ணம் மனைவியிடம் வர விண்ணப்பித்தபோதுதான் வினை. கோப்பின்படி அந்தப் பெண் நைஜர் பக்கமே போனதில்லையே, நீர் யார் என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். காட்டுவதற்குக் கலியாணப் பதிவும் இல்லை. அது சண்டையில் மாதா கோயிலோடு எரிந்துபோயிற்று.

மேன்முறையீடு எழுதிய வழக்கறிஞர் பாலேந்திரா கையெடுத்துக் கும்பிடாத குறை. "அம்மா, இனி அந்த அகதேசத்தை வாயிலையே எடுக்காதேங்கோ. நைஜர் எண்டு சொல்லுங்கோ."

"நைஜர் பெரிய நாடு தம்பி. எங்கடை ஆள் இருக்கிறது ஒரு குறுக்குத் தெரு ஒழுங்கையிலை."

அன்று பிடித்த பிடிதான். குரொய்டனில் அலுவலகத் தரை துடைக்கும்போதும் அந்த ஒழுங்கைக்கு வழி சொல்லி அவள் வாய் ஓயாது. கோபுரத்தடி, இடக்கைப் பக்கம், செருப்புத் தைக்கிற கிழவன், கிணறு. கூட வேலை செய்பவர்கள் செபமாலை சொல்கிறாள் என்று ஒதுங்கிப்போவார்கள்.

1995 பங்குனியில் விசாரணை. நடுவருக்கு முன்னால் ஞானரட்ணம் அகடெஸிலிருந்து எழுதி அனுப்பிய வாக்குமூலம் கிடந்தது. மசூதியிலிருந்து அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று நடுவர் கேட்டார். மெற்றில்டா புறப்பட்டாள். கிணறு தாண்டினாள், இடிந்த மதிலைச் சுற்றினாள், ஒட்டகம் கட்டும் வெளியைக் கடந்தாள். நடுவரின் விரல் வாக்குமூலத்தில் வரிவரியாகக் கூடவே போயிற்று. மொழிபெயர்த்த கலாவதிக்குத்தான் மூச்சு வாங்கியது. கடைசியில் நடுவர் மணிக்கூட்டைப் பார்த்து, காகிதங்களை அடுக்கி, ஏதோ சொன்னார்.

"போதுமாம் அக்கா, முடிவு தபாலிலை வருமாம். அடுத்த வழக்கு நிக்குது, எழும்புங்கோ" என்றாள் கலாவதி.

"எப்பிடிப் பிள்ளை போதும்? நான் இன்னும் வீட்டு வாசலுக்கே வரேல்லை."

மெற்றில்டா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, அடுத்த ஒழுங்கையால் திரும்பினாள்.